பிறர் நிலத்தில் எழுந்த பள்ளிக்கூடம்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்காகத் தஞ்சோங் கிளிங் நோக்கிச் செல்லும் பழைய கடற்கரைச் சாலையில் அமைந்த கிளேபாங், கடந்த சில பத்தாண்டுகளில் தன் கரையையே மாற்றிக்கொண்ட ஊராகும். மணல் கொட்டிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய புதுநிலத்தில் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. இளநீரும் வழுக்கையும் ஐஸ்கிரீமும் சேர்த்து அடித்துத் தரும் பானத்துக்காக வார இறுதிகளில் சாலையோரம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அதே சாலையில் மேலும் சென்றால் தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டையும், உட்புறமாகத் திரும்பினால் ஒரு காலத்தில் கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்து இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட செங், பாயா ரும்புட் வட்டாரமும் வந்துவிடுகின்றன. துறைமுகம், தோட்டம், தொழிற்சாலை, சுற்றுலா என்று மலாக்காவின் பொருளாதாரம் அடுத்தடுத்துக் கண்ட நான்கு காலங்களும் தம் தடங்களை இந்தச் சிறிய நிலப்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுச் சென்றிருக்கின்றன. அந்த நான்கு காலங்களிலும் தமிழர் இங்கே இருந்தனர் என்பதால், கல்வியும் உள்கட்டமைப்பும் பண்பாடும் ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதையும், அந்த வளர்ச்சி யார் கைக்குச் சென்று சேர்கிறது என்பதையும் ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

வட்டாரப் பொருளாதார வளர்ச்சி என்பது ஒரு நிலப்பகுதியின் உற்பத்தியும் வருமானமும் உயர்வதோடு, அங்கு வாழ்வோருக்கு நிலையான வேலையும், அந்த வேலை அழிந்தால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளும் திறனும் கிடைப்பதைக் குறிக்கும். இதற்கு அடிப்படையாகப் பொருளியலாளர்கள் பலவற்றைச் சுட்டுகின்றனர். சாலை, துறைமுகம், மின்சாரம், நீர் வழங்கல் போன்றவை பருப்பொருள் உள்கட்டமைப்பு எனவும், பள்ளி, மருத்துவமனை போன்றவை சமூக உள்கட்டமைப்பு எனவும் வகுக்கப்படுகின்றன. மக்களின் அறிவும் திறனும் உடல்நலமும் எந்திரத்தைப் போலவே வருமானம் ஈட்டித்தரும் முதலீடுகள் என்ற கருத்துக்கு மனித மூலதனம் என்று பெயர். அதை வலியுறுத்திய தியோடர் ஷுல்ட்ஸ் 1979ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இத்தாலியின் வடபகுதி செழித்ததற்கும் தென்பகுதி பின்தங்கியதற்கும் மக்களிடையே நிலவிய நம்பிக்கையும் கூடிச் செயல்படும் வழக்கமுமே பெருங்காரணம் என்று 1993ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வில் வாதிட்ட ராபர்ட் புட்னம், அந்த நம்பிக்கையைச் சமூக மூலதனம் என்றார். இந்த மூன்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் மலாக்கா வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பள்ளியும் சாலையும் கோயிலும் ஓர் ஊரில் இருப்பது மட்டும் போதுமா, அவை யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டாமா என்பதே அக்கேள்வி.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகம் வணிகத்தால் செழித்தபோது, அதன் செல்வத்துக்கு விளைநிலமோ சுரங்கமோ காரணமாக இருக்கவில்லை. இரு பருவக்காற்றுகளும் சந்திக்கும் இடத்தில் அமைந்திருந்ததால், மேற்கிலிருந்து வந்த கப்பல்களும் கிழக்கிலிருந்து வந்த கப்பல்களும் காற்று மாறும்வரை இங்கே தங்கிச் சரக்கை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பல மாதங்கள் தங்கும் அயல்நாட்டு வணிகருக்குக் கிடங்கும், நேர்மையான எடைக்கல்லும், வழக்கு வந்தால் தம் மொழியில் முறையிட ஓர் அதிகாரியும் தேவைப்பட்டன. ஆகவே சுல்தான்கள் நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை, அமர்த்தினர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்தோருக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவுகளிலிருந்து வந்தோருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர் என்று அப்பொறுப்பு பகுக்கப்பட்டிருந்தது. 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றியதை அடுத்து இங்கு வந்து தங்கிய தோமே பிரஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் பல பண்பாட்டினரையும் அவரவர் வழக்கப்படி வாழவிட்டதே துறைமுகத்தின் முதன்மையான மூலதனமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. போர்த்துகீசியரின் கீழ் வணிகச் சமூகங்களுக்குத் தலைவராகப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தப்பட்ட நினா சத்து, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகச் சமூகத்தைச் சேர்ந்தவர்.

அந்த வணிக உலகில் தமிழுக்கு இருந்த பயன்பாட்டை, அதற்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து மலாக்காவில் பிறந்த ஒருவரின் தன்வரலாறு காட்டுகிறது. நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796ஆம் ஆண்டில் பிறந்தவர். அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தினர். சிறுவயதில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்க அனுப்பப்பட்டதாகவும், வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கு வழக்குகளுக்காகவும் நகரில் நிறைந்திருந்த இந்திய வணிகரோடு பேசுவதற்காகவும் தமிழ் படிப்பது மலாக்காவில் முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாக இருந்ததாகவும் அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். சந்தை எந்த மொழியில் கணக்கு எழுதியதோ அந்த மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அந்தப் படிப்பு அவர்களை நேரே கடைக்கும் கிடங்குக்கும் கொண்டுசென்றது. கல்வி, பண்பாடு, தொழில் ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நின்ற காலம் அது. பின்னாளில் மலாக்காத் தமிழர் இழந்ததும் இந்த நேர்க்கோட்டைத்தான்.

வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் ஒரு முக்கியமான ஏற்பாட்டைச் செய்துவைத்தனர். டச்சுக்காரர் ஆட்சியில் அச்சமூகத்தின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டி, 1781ஆம் ஆண்டில் அரசிடம் பெற்ற நிலத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தைக் கட்டினார். பொற்கொல்லர் தெரு எனப்படும் ஜாலான் துக்காங் எமாசில், கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலுக்கும் அருகே அது இன்றும் நிற்கிறது. காஜா பெராங்கில் அச்சமூகத்தார் குடியிருக்கும் கம்போங் செட்டியும் அதன் கோயில்களும் அவ்வாறே நிலைத்துள்ளன. பினாங்கு 1786ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 1819ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயரின் துறைமுகங்களாக எழுந்தன. வண்டல் படிந்து ஆழம் குறைந்துபோன மலாக்காத் துறையைப் பெரிய கப்பல்கள் கைவிட்டன. செட்டிகளின் வணிகமும் அதோடு மங்கியது. வீட்டில் பேசும் மொழி மலாயாகிவிட்டது. உடையும் உணவும் மாறின. ஆயினும் போகியன்று முன்னோருக்குப் படையலிடும் பார்ச்சு முதலிய சடங்குகளோடு அச்சமூகம் ஒரே இடத்தில் கூடி வாழ்வதற்குக் காரணம், அதன் வீடும் கோயிலும் அதன் சொந்த நிலத்தில் நின்றமையே ஆகும்.

மலாக்காவின் அடுத்த செல்வம் மரத்திலிருந்து வடிந்தது. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரிவாக்கினார். மலாயாவின் ரப்பர்த் தொழிலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. புக்கிட் லிந்தாங் என்ற பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று மலாக்காவில் இன்றும் இயங்குகிறது. மோட்டார் வாகனத் தொழில் பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறியது. அலோர் காஜாவிலிருந்து ஜாசின் வரை காடுகள் தோட்டங்களாயின. அவற்றில் உழைப்பதற்குத் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிவந்தனர். கங்காணி என்பவர் தம் ஊரிலிருந்தும் உறவினரிடமிருந்தும் ஆள் சேர்த்து, கப்பலேற்றி, தோட்டத்தில் அவர்களை மேற்பார்க்கவும் செய்த இடைத்தரகர் ஆவார். 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்தியர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று அந்தப் பயணச் செலவை ஏற்றது. 1905ஆம் ஆண்டில் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஏறத்தாழ 21 மைல் நீளமுள்ள கிளை இரயில்பாதை திறக்கப்பட்டு, நகரமும் துறையும் மலாயாவின் முதன்மை இரயில்பாதையோடு இணைந்தன.

தோட்டம் என்பது விளைநிலம் மட்டுமன்று. அது தன்னளவில் நிறைவான ஒரு சிற்றுலகமாகவும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்கள் உளியும் வாளியுமாகத் தங்கள் நிரைகளுக்குச் செல்வார்கள். வெட்டிய மரத்தின் பால் மங்கில் சொட்டி நிறைந்த பின் அதைச் சேகரித்துக் காண்டாக் கம்பில் சுமந்து வந்து பால்கொட்டகையில் நிறுப்பார்கள். சிறுவர்கள் மங்கு துடைத்தும் கோட்டுப்பால் உரித்தும் பெற்றோருக்கு உதவினர். வரிசையாகக் கட்டிய லயம், மாரியம்மன் கோயில், மருந்தகம், கடை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் என்று வாழ்க்கைக்கு வேண்டியவை யாவும் நடந்துபோகும் தொலைவில் இருந்தன. எல்லாமே கம்பெனியின் நிலத்தில் இருந்தன. ஜமைக்காவைச் சேர்ந்த பொருளியலாளர் ஜார்ஜ் பெக்ஃபோர்ட், நிலைத்துவிட்ட வறுமையைப் பற்றி 1972ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பெருந்தோட்டப் பொருளாதாரம் ஒரு வட்டாரத்தில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அங்குள்ள மக்களிடம் திறனையோ மூலதனத்தையோ சேரவிடுவதில்லை என்று விளக்கினார். மேற்கிந்தியத் தீவுகளை முன்வைத்து அவர் கண்ட முடிவு மலாக்காத் தோட்டங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

அத்தோட்டங்களில் பள்ளிகள் எழுந்த விதத்தைக் கவனித்தால் இது தெளிவாகும். மலாய்க் கூட்டமைப்பு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் அடங்கிய மலாக்காவிலும் பின்னர் அத்தகைய கடப்பாடு வந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி இயற்றப்பட்ட சட்டமாக இதைக் கொள்வது கடினம். பள்ளி இருக்கும் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு ஆள் வரும், வந்தவர் நிலைத்து நிற்பர் என்ற கணக்கே அதன் பின்னே இருந்தது. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் நடந்தன. கிராணி எனப்பட்ட எழுத்தரோ கங்காணியோ கூட ஆசிரியரான இடங்கள் உண்டு. எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளைக்கு அதற்கு மேல் செல்லும் பாதை இல்லை. முன்ஷி அப்துல்லா காலத்தில் தமிழ்க் கல்வி சந்தைக்கு வழிகாட்டியது. தோட்டத்தில் அதே தமிழ்க் கல்வி பிள்ளையை மீண்டும் பெரட்டுக் களத்துக்கே கொண்டுவந்து விட்டது. மொழி ஒன்றே, அந்த மொழியின் முன்னே திறந்திருந்த பொருளாதாரம்தான் வேறு. எனவே, தாய்மொழிக் கல்விதான் தோட்டத் தமிழரைப் பின்தங்க வைத்தது என்று இன்றும் சிலர் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சாகும்.

பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் நடத்திய நகரத்தார் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி தமிழகத்தில் கல்விக்கூடங்களாக உருப்பெற்றதும் இதே காலத்தில்தான். அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ்நாட்டுக்கு அது பெரும்பேறு என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எனினும், மலாயா மண்ணில் விளைந்த செல்வம் கடல்கடந்து பல்கலைக்கழகமாக வளர உதவிய அதே நாட்களில், அந்த மண்ணில் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஓர் அறைப் பள்ளியைத் தாண்ட முடியாமல் இருந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உண்டாகும் வருமானம் அங்கேயே மீண்டும் முதலீடாகாமல் வெளியேறுவதைப் பொருளியலில் கசிவு என்பர். மலாக்காத் தோட்டங்களின் ஆதாயம் இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் நகரத்தாரின் காரைக்குடிக்கும் இவ்வாறு கசிந்தது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் அவர்கள் அமைத்த இரயில்பாதைக்காகத் தம்பின்–மலாக்கா பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதே வேலைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டு, காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அடியாலும் மடிந்தனர். வட்டாரத்தின் இரும்பையும் அதன் உழைப்பாளரையும் ஒரே காடு விழுங்கியது. போர் முடிந்தபின் அந்தப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை. மலாக்கா நகருக்குச் செல்ல விரும்பும் இரயில் பயணி இன்றும் மாநில எல்லையோரப் புலாவ் செபாங்கில் இறங்கிச் சாலைவழியே செல்ல வேண்டியுள்ளது. கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் இணைக்கவிருந்த அதிவேக இரயில் திட்டத்தில் ஆயர் குரோவில் ஒரு நிலையம் அமைவதாக இருந்தது. அந்த உடன்பாடு 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. இழந்த உள்கட்டமைப்பை ஈடுசெய்ய ஒரு நூற்றாண்டும் போதாமல் போகக்கூடும் என்பதற்கு மலாக்காவின் இரயில் வரலாறே சான்றாக நிற்கிறது. மடிந்த மனிதருக்கோ ஈடு என்று எதுவுமே கிடையாது.

விடுதலைக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில், எதிர்காலம் குறித்து ஐயுற்ற அயல்நாட்டுக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இந்நிகழ்வை பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையிலான குழு விரிவாக ஆராய்ந்தது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு பிள்ளையின் பள்ளியும் குலதெய்வத்தின் கோயிலும் போயின. ஒரே நிலத்தில் எல்லாம் கட்டப்பட்டிருந்ததன் விளைவு அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது. இதற்கு மாற்றாக, அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளியாகத் தவணை செலுத்திப் பங்கு வாங்கும்படி தொழிலாளர்களை வேண்டிக்கொண்டார். கூலி உயர்வைக் கேட்பதோடு நின்றுவிடாமல் தோட்டத்தையே தொழிலாளர் வாங்க வேண்டும் என்று எண்ணிய அந்த முயற்சி, மலேசியத் தமிழரின் பொருளாதார வரலாற்றில் மிகத் தொலைநோக்கான செயலாகும். நிலம் கைமாறும்போது யாரிடம் உரிமைப் பத்திரம் இருக்கிறதோ அவரே எஞ்சுவார் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். எனினும், நாடு முழுவதும் துண்டாடப்பட்ட பரப்பளவோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது சிறுபகுதியே.

1970களில் மலாக்கா மீண்டும் முகம் மாறியது. பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் ஏற்றுமதி வரிச்சலுகையுடைய தடையற்ற வணிக வலயங்கள் உருவாயின. சீமென்ஸ் நிறுவனம் 1973ஆம் ஆண்டில் தொடங்கிய மின்னணுப் பாகத் தொழிற்சாலை, பின்னர் இன்ஃபினியான் என்ற பெயரில் பன்மடங்கு விரிந்தது. 1994ஆம் ஆண்டில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்ததும் அலோர் காஜாவும் ஆயர் குரோவும் ஜாசினும் கோலாலம்பூருக்கும் ஜோகூருக்கும் சில மணி நேரத் தொலைவிலாயின; சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 2003ஆம் ஆண்டில் பெகோவில் ஹோண்டா கார் ஆலையும் வந்தன. ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம், டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1997ஆம் ஆண்டில் மணிப்பால் மருத்துவக் கல்லூரி என்று உயர்கல்வியும் பெருகியது. உள்கட்டமைப்பும் கல்வியும் கைகோத்து ஒரு வட்டாரத்தை உயர்த்தியதற்கு மலாக்கா நல்லதோர் எடுத்துக்காட்டு என்பதில் தவறில்லை.

அந்த உயர்வில் தோட்டத்துப் பிள்ளை பங்குபெற வேண்டுமானால் சில வாயில்களைக் கடந்தாக வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் மலாய் மொழித்தேர்வில் போதிய தேர்ச்சி பெறாதோர், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. வறிய குடும்பத்தில் அந்த ஓராண்டே பல பிள்ளைகளின் படிப்பை முடித்துவைத்தது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. தோட்டத்தின் செம்மண் பாதையோ நெடுஞ்சாலையைத் தொட ஒரு மணி நேர நடை. தொழிற்சாலைப் பேருந்து வரும் சாலையோரம் வீடு இருந்தவர்களுக்கு வேலை எளிதாகக் கிடைத்தது. உள்ளடங்கிய பிரிவுகளில் இருந்தோருக்கு, பேருந்து வரும் இடம்வரை விடியுமுன் நடந்துவருவதே ஒரு வேலையாயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆட்தேவை குறைந்தது. குறைந்த கூலிக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். தொழிலாளர் வீட்டுவசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் லயத்து வீட்டின் தரத்தை வரையறுத்தது. ஆனால் ஓய்வுபெறும் நாளில் அவ்வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிலையை அது மாற்றவில்லை. நாற்பது ஆண்டுகள் உழைத்த தொழிலாளி, அதே தோட்ட நிலத்தில் எழுந்த வீடமைப்புப் பகுதியில் ஒரு மலிவு விலை வீட்டுக்காக விண்ணப்பம் எழுதும் நிலை நாட்டின் பல பகுதிகளிலும் நேர்ந்தது.

பள்ளிகளின் நிலை இதனோடு நெருங்கிய தொடர்புடையது. 1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறத்தாழ 530 உள்ளன, மலாக்காவில் 21. இவற்றில் அரசு நிலத்தில் அமைந்தவை முழு உதவி பெறும் பள்ளிகளாகவும், தோட்டத்தின் அல்லது தனியாரின் நிலத்தில் அமைந்தவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவும் வகைப்படுத்தப்படுகின்றன. இரண்டாம் வகையில் ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் அரசிடமிருந்து வரும். கட்டடத்துக்கும் விரிவாக்கத்துக்குமோ பெற்றோரும் பள்ளி வாரியமும் நன்கொடை திரட்ட வேண்டும், அல்லது அவ்வப்போது அறிவிக்கப்படும் சிறப்பு ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தோட்டத்தில் பள்ளி இருந்து குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டால் பிள்ளைகள் குறைகின்றனர். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பள்ளிக்கு நிலம் இல்லை. பள்ளி உரிமத்தைப் புதுக் குடியிருப்புக்கு மாற்றுவதற்கு நிலம், நிதி, அனுமதி ஆகிய மூன்றும் ஒருசேர அமைய வேண்டியிருப்பதால், அது பல ஆண்டுகள் இழுபறியாகிறது. கற்பித்தலின் தரத்தைப் பற்றியே பேசும் பலர், இந்த நிலச் சிக்கலைக் காணாமல் கடந்துவிடுகின்றனர்.

இத்தனைக்கும் இடையே தமிழர் முன்னேறிய வழிகளில் பண்பாட்டின் பங்கு கணிசமானது. 1982ஆம் ஆண்டில் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், கல்வியை வழிபாட்டுக்கு இணையான கடமையாக முன்வைத்து, நாடெங்கும் மாலை நேர வகுப்புகளை நடத்திப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்பிவருகிறது. பெற்றோரின் பக்தியைப் பிள்ளையின் தேர்வுத் தயாரிப்பாக மாற்றிய அந்தச் சிந்தனை, புட்னம் கூறிய சமூக மூலதனத்துக்கு மிகப் பொருத்தமான தமிழ் எடுத்துக்காட்டாகும். மலாக்காவில் மாசி மகத்தையொட்டிப் பொற்கொல்லர் தெருவிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வெள்ளி இரதம் செல்லும்போது, தோட்டங்களிலிருந்து கலைந்துபோன குடும்பங்கள் அங்கே மீண்டும் கூடுகின்றன. பழைய லயத்து அண்டை வீட்டார் நலம் விசாரித்துக்கொள்ளும் அந்தக் கூட்டத்தில் வேலைக்கான செய்தியும் திருமணப் பேச்சும் படிப்புக்கான அறிவுரையும் கைமாறுகின்றன. தோட்டம் மறைந்தாலும் உறவு வலை அறுந்துபோகாமல் காப்பது இத்தகைய விழாக்களே.

பண்பாட்டை நேரடியாகப் பொருளாதாரமாக்கும் முயற்சியும் மலாக்காவில் நடந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் டவுனோடு மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபின் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. பொய்யாத விநாயகர் ஆலயமும் அதன் அண்டையிலுள்ள பள்ளிவாசலும் சீனக் கோயிலும் நல்லிணக்கத் தெரு என்ற பெயரில் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. இதில் ஒரு குறை உண்டு. மரபுடைமை என்று போற்றப்படுவது பெரும்பாலும் துறைமுகக் காலத்தின் தமிழர் வரலாறே. ஒரு நூற்றாண்டு காலம் மாநிலத்தின் வருவாயைச் சுமந்த தோட்டத் தமிழரின் லயமோ பால்கொட்டகையோ அவ்வாறு காக்கப்படவில்லை. பண்பாட்டுச் சுற்றுலா யாருடைய நினைவைத் தேர்ந்தெடுக்கிறதோ அவருக்கே அதன் பெருமையும் ஓரளவு வருமானமும் செல்கின்றன.

மறுபுறம், மக்களோடு பிணையாத உள்கட்டமைப்பு எவ்வாறு தடுமாறும் என்பதை மலாக்காவின் கடற்கரை காட்டுகிறது. செயற்கைத் தீவுகள், ஆழ்கடல் துறை, உல்லாசக் கப்பல் முனையம் ஆகியவற்றைக் கொண்டு 4,000 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட மதிப்பில் அமைவதாக 2014ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட மலாக்கா கேட்வே திட்டம், பணிகள் நிறைவேறாததால் 2020ஆம் ஆண்டு நவம்பரில் மாநில அரசால் இரத்துச் செய்யப்பட்டது. கடலைத் தூர்த்த பணிகளால் மலாக்காக் கரையோர மீனவர்களின் வருமானம் பாதிக்கப்பட்டது. அவர்களில் போர்த்துகீசிய வழிவந்த சமூகத்தாரும் அடங்குவர். பெருந்திட்டம் ஒவ்வொன்றும் எத்தனை கோடி என்ற கணக்கோடு அறிவிக்கப்படுகிறது. அவ்வட்டாரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதில் பொறியாளராகவோ தொழில்நுட்பராகவோ இடம் கிடைக்கும் என்ற கணக்கை எவரும் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் செயல்திட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களையும் பாலர் கல்வியையும் குடியுரிமை ஆவணச் சிக்கலையும் தொழிற்பயிற்சியையும் அக்கறையோடு பட்டியலிட்டது. அத்தகைய திட்டங்களின் பயன், அரசு மாறும்போதெல்லாம் நிதியும் பொறுப்பாளரும் மாறுவதால் சிதறிவிடுகிறது. மாறாமல் நிற்கக்கூடியது நில உரிமை ஒன்றே. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் பகுதி உதவி பெறுபவற்றுக்குத் தனிப்பட்டா பெற்றுத்தருவதும், தோட்டம் வீடமைப்புக்காக மாற்றப்படும்போதே பள்ளிக்கும் கோயிலுக்கும் முன்னாள் தொழிலாளர் வீடுகளுக்கும் நிலம் ஒதுக்குவதை அனுமதியின் நிபந்தனையாக்குவதும், பெரும் செலவு பிடிக்காத, ஆனால் மாநில அரசு மட்டுமே செய்யக்கூடிய பணிகளாகும். மலேசியக் கூட்டரசு அமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால், கல்வி அமைச்சு எவ்வளவு விரும்பினாலும் இந்தக் கையெழுத்து ஆயர் குரோவிலுள்ள மாநிலத் தலைமைச் செயலகத்தில்தான் விழ வேண்டியிருக்கிறது.